எஸ்டிடிஎம் உள்நுழைவுத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது, டெஸ்ட் செய்தால் மட்டும் சரியாக இருக்கிறது

படிப்பகத்தான்:

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன. வின்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, இந்த டப்பாக்களில் 11 ஏறாது, புதிதாக வாங்கப் பணமும் இல்லை. சரி என்று ஆறிலும் டெபியன் 13 என்ற லினக்ஸைப் போட்டு, மேலே கேடிஇ பிளாஸ்மா என்ற திரைச் சூழலையும் ஏற்றிவிட்டேன். டிஸ்க் சின்னது என்பதால் கூடவே பரிந்துரைக்கிற உபரி மென்பொருள் பொதிகள் எதுவும் வேண்டாம் என்று குறைத்துத்தான் நிறுவினேன். உள்ளே நுழைந்துவிட்டால் ஒரு குறையும் இல்லை, மெனு பெரும்பாலும் தமிழ்தான், செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள்கூடப் பழகிவிட்டார்கள். தகராறெல்லாம் வாசலில்தான், அதாவது கடவுச்சொல் கேட்கிற எஸ்டிடிஎம் என்ற உள்நுழைவு நிரலின் திரையில்.

அந்தத் திரைக்கு முதலில் இருந்த பிரீஸ் என்ற தோற்றம் (தீம்) கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. அதனால் பெரிய கடிகாரமும் பின்னால் படமும் உள்ள ஒரு தீமை இறக்கினேன் (பெயர் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தவரைக் குறை சொல்ல மனசில்லை). அதில் தமிழ் கிடையாது. திரையில் வருவதை எல்லாம் எழுதியிருக்கும் மெயின்.க்யூஎம்எல் கோப்பைத் திறந்து ஆங்கிலம் இருந்த இடங்களில் 'கடவுச்சொல்', 'உள்நுழை' என்று நானே எழுதினேன். திரையைக் காட்டும் எஸ்டிடிஎம்-கிரீட்டரை டெஸ்ட்-மோடில் (வெளியேறாமலே ஒத்திகை பார்க்கும் முறை) ஓட்டிப் பார்த்தேன், அழகாக வந்தது. சந்தோஷமாக ரீபூட் செய்தால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வரிசையாகக் கட்டம், கட்டம், கட்டம். திரும்ப உள்ளே போய் டெஸ்ட் செய்தால் மறுபடியும் சரி! மூன்று நாளாக இதே ஆட்டம்.

எழுத்துருவாக மீரா இனிமையைத்தான் இறக்கி, டபுள் கிளிக் செய்து நிறுவினேன். இதுபோக ஷட்டவுன், ரீபூட் பட்டன்கள் இன்னும் ஆங்கிலத்தில் நிற்கின்றன. கோப்பில் தேடினால் டெக்ஸ்ட்கான்ஸ்டன்ட்ஸ் என்று ஏதோ வருகிறது, அதில் எங்கே கைவைப்பது என்று தெரியவில்லை. யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.


டெர்மினல்_தாத்தா:

தம்பி, டபுள் கிளிக் செய்தபோது கேடிஇ ஒரு கேள்வி கேட்டிருக்குமே, எழுத்துரு உங்களுக்கு மட்டுமா, கணினி முழுமைக்குமா என்று. நீங்கள் 'எனக்கு மட்டும்' என்று சொல்லியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், அதற்குத்தான் ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்காது.

உள்நுழைவுத் திரை ஓடும்போது நீங்கள் இன்னும் உள்ளே வரவே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அதை ஓட்டுவது எஸ்டிடிஎம் என்ற பெயரிலேயே இருக்கும் வேறொரு பயனர், அவருடைய வீடு வார்/லிப்/எஸ்டிடிஎம். உங்கள் ஹோமுக்குள், .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் கிடக்கிற எழுத்துரு அவருக்குத் தெரியாது. வாசலில் நிற்கிற காவலாளியிடம், உங்கள் பீரோவில் மடித்து வைத்திருக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு நில் என்றால் எப்படி நிற்பார்? ஆனால் டெஸ்ட்-மோடை ஓட்டுவது நீங்கள். அப்போது உங்கள் பீரோ திறந்திருக்கிறது, எல்லாம் சரியாக வருகிறது. டெஸ்ட்-மோடு தீமின் அமைப்பைப் பார்க்க மட்டும்தான் லாயக்கு. எழுத்துரு, மொழி விஷயத்தில் அதை நம்பினால் இப்படித்தான் மூன்று நாள் போகும். எனக்கு ஒரு வாரம் போனது, அதனால் வருத்தப்படாதீர்கள்.

டெர்மினலில் இதை ஓட்டிப் பாருங்கள் (பேருந்தில் போனில் இருந்து தமிழ் கீபோர்டில் தட்டுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்):

சூடோ -யு எஸ்டிடிஎம் எஃப்சி-லிஸ்ட் :லேங்=டிஏ

எஸ்டிடிஎம் பயனரின் கண்ணுக்குத் தெரிகிற தமிழ் எழுத்துருக்கள் எவை என்று இது சொல்லும். ஒரு வரிகூட வராவிட்டால் வியாதி இதுதான். மருந்து இரண்டு. ஒன்று, டெபியனின் ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாக ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் பொதியைப் போடுங்கள், நோட்டோ சான்ஸ் டமில் அதற்குள் இருக்கிறது. உபரிப் பொதிகள் வேண்டாம் என்று நிறுவியதில்தான் இது உங்களுக்கு விட்டுப்போயிருக்கும். இன்னொன்று, மீரா இனிமைதான் வேண்டும் என்றால் அந்தக் கோப்பை யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு, சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) எஃப்சி-கேஷ் -எஃப் கொடுங்கள், எழுத்துருப் பட்டியல் புதுப்பிக்கப்படும்.

தீமில் எழுத்துரு 'நோட்டோ சான்ஸ்' என்று போட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வெறும் நோட்டோ சான்ஸில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது, நோட்டோ சான்ஸ் டமில் தனிக் கோப்பு. ஒரு எழுத்து அந்த எழுத்துருவில் இல்லை என்றால், கணினியில் வேறு எதில் இருக்கிறது என்று ஃபான்ட்கான்ஃபிக் தேடித் தரும். எதிலுமே இல்லை என்றால்தான் கட்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது தேடி வருவார்கள். கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். அதுவே புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம் போட்டு அதன் பக்கத்தில் கொம்பு மட்டும் தனியாக நின்றால், எழுத்துரு இருக்கிறது, நீங்கள் ஒட்டிய உரைதான் கோளாறு. பழைய பிடிஎஃப்-இல் இருந்து நகலெடுத்தால் 'கெ' என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பின்னாலும் வந்து உட்கார்ந்துவிடும். யூனிகோடில் ககரம்தான் முதலில் வர வேண்டும். அந்தச் சொல்லை அழித்துவிட்டுக் கையால் தட்டினால் தீர்ந்தது.


படிப்பகத்தான்:

தாத்தா, கோடி நன்றி. ஓட்டினேன், ஒரு வரிகூட வரவில்லை. அப்போதே விளங்கிவிட்டது.

மீரா இனிமையைப் பொது ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். நான்கு கணினிகளில் உடனே சரியானது, இரண்டில் மட்டும் கட்டம் போகவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தால், அந்த இரண்டிலும் கோப்பைப் படிக்கும் அனுமதி ரூட்டுக்கு மட்டும் இருக்கிறது. பென் டிரைவில் இருந்து எடுத்தபோது என்ன செய்தேனோ. சிஎச்மோட் 644 கொடுத்ததும் அந்த இரண்டும் வழிக்கு வந்தன.

ஆனால் கட்டம் போன பிறகுதான் மற்ற கோலம் எல்லாம் தெரிகிறது. கடிகாரத்துக்குக் கீழே கிழமையும் தேதியும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. 'உள்நுழை' பட்டனில் ழை எழுத்தின் அடிப்பாகம் வெட்டுப்பட்டு வேறு ஏதோ எழுத்துபோல இருக்கிறது. ஷட்டவுன் ஆங்கிலம் அப்படியே.


பாதி_உறக்கம்:

முதலில் அந்த மொழிபெயர்ப்பு விஷயம். மெயின்.க்யூஎம்எல்-இல் நேரே தமிழை எழுதியது வேலைக்கு ஆகும், ஆனால் தீமின் அடுத்த பதிப்பை இறக்கும் நாளில் அத்தனையும் போய்விடும். முறையாகச் செய்தால் ஒரு மணி நேர வேலைதான்.

திரையில் வரும் சொற்களுக்கு இரண்டு ஊற்று. ஒன்று, தீமின் சொந்தச் சொற்கள், இவை க்யூஎஸ்டிஆர் என்ற உறைக்குள் இருக்கும் (அல்லது தீம் எழுதியவர் சோம்பல்பட்டு உறையே போடாமல் விட்டிருப்பார்). இன்னொன்று நீங்கள் பார்த்த டெக்ஸ்ட்கான்ஸ்டன்ட்ஸ். அது எஸ்டிடிஎம் தானே வைத்திருக்கும் பொதுச் சொற்களின் பட்டியல், அதற்கான மொழிபெயர்ப்பும் யுஎஸ்ஆர்/ஷேர்/எஸ்டிடிஎம் கீழே டிரான்ஸ்லேஷன்ஸ் என்று தொடங்கும் ஃபோல்டரில் இருந்து வரும், தீமில் இருந்து அல்ல. அங்கே டிஏ என்று தொடங்கும் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், தீமில் டெக்ஸ்ட்கான்ஸ்டன்ட்ஸ்.ஷட்டவுன் என்று இருக்கும் இடத்தில் க்யூஎஸ்டிஆர் உறையைப் போட்டு உள்ளே ஆங்கிலச் சொல்லை வையுங்கள், முடிந்தது.

அப்புறம் எல்அப்டேட் கொடுத்தால் உறைகளில் இருப்பதை எல்லாம் பொறுக்கி டிஏ.டிஎஸ் என்ற கோப்பில் அடுக்கித் தரும். அதில் தமிழை நிரப்பி எல்ரிலீஸ் கொடுத்தால் டிஏ.க்யூஎம் கிடைக்கும். அதைத் தீமுக்குள் டிரான்ஸ்லேஷன்ஸ் என்ற ஃபோல்டரில் வைத்து, மெட்டாடேட்டா.டெஸ்க்டாப் கோப்பில் டிரான்ஸ்லேஷன்ஸ்டைரக்டரி என்ற வரியில் அந்த ஃபோல்டர் பெயரைக் கொடுக்க வேண்டும். பலரும் இந்த வரியை மறந்துவிட்டு மொழிபெயர்ப்பு ஏறவில்லை என்று புலம்புவார்கள். டெபியனில் இந்தக் கருவிகள் க்யூடி6-எல்10என்-டூல்ஸ் பொதியில் இருக்கின்றன. நிறுவிய பிறகும் 'கட்டளை இல்லை' என்று சொன்னால் பயப்படாதீர்கள், யுஎஸ்ஆர்/லிப்/க்யூடி6/பின் என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும், முழுப் பாதையோடு கூப்பிடுங்கள்.

ஒரு கண்ணி: டிஎஸ் கோப்பில் ஒவ்வொரு சொல் கூட்டத்துக்கும் தலையில் ஒரு பெயர் இருக்கும், அது அந்தச் சொல் இருக்கும் க்யூஎம்எல் கோப்பின் பெயர். கோப்பின் பெயரை மாற்றினால் அதன் மொழிபெயர்ப்பு மொத்தமும் சத்தமில்லாமல் கழன்றுவிடும், பிழைச் செய்திகூட வராது. நான் பட்டன்ஸ் என்று இருந்ததை பவர்பார் என்று மாற்றிவிட்டு ஓர் இரவு முழுக்க முழித்தேன். பிரீஸிலிருந்து வெட்டி ஒட்டிய தீம்களில் வேறு மாதிரி. அவை கெட்டெக்ஸ்ட் என்ற வேறொரு மொழிபெயர்ப்பு முறை வழி போகும், அங்கே ஆங்கில வாக்கியமேதான் சாவி. தீம் செய்தவர் ஒரு முற்றுப்புள்ளியைக் கூட்டியிருந்தாலும் சாவி பொருந்தாது, ஆங்கிலம் அப்படியே வரும்.

இத்தனையும் செய்து கணினியின் மொழி ஆங்கிலமாக இருந்தால் எல்லாம் வீண். பிளாஸ்மாவின் அமைப்புகளில் நீங்கள் தமிழைத் தேர்ந்தது உங்கள் ஹோமில் பிளாஸ்மா-லோகேல்ஆர்சி என்ற கோப்பில் எழுதப்படுகிறது. திரும்பவும் தாத்தா சொன்ன பீரோ கதைதான். சூடோவோடு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லோகேல்ஸ் கொடுத்து, டிஏ_ஐஎன் யுடிஎஃப்-8 என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, அதையே முதன்மை மொழியாகவும் வைத்துவிட்டு முழுதாக ரீபூட் செய்யுங்கள்.


வடமராட்சி_வாசி:

எனக்கும் உதே பிரச்சினைதான் வந்தது, ஆனால் வேறு பக்கத்தால். யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசிகசாலைக் கணினிக்கு இலங்கைத் தமிழ், அதாவது டிஏ_எல்கே வைத்திருந்தேன். ஒரு தீமில் தமிழ் மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருந்தும் ஆங்கிலமே வந்தது. பார்த்தால் கோப்பின் பெயர் டிஏ_ஐஎன்.க்யூஎம். இலங்கை என்று வைத்திருப்பவருக்கு, இந்தத் திரைக்கு அடித்தளமான க்யூடி என்ற நிரல் தொகுப்பு அதைத் தொடாது. டிஏ_எல்கே-ஐத் தேடும், இல்லாவிட்டால் வெறும் டிஏ-வைத் தேடும், அதோடு விட்டுவிடும். பெயரை டிஏ.க்யூஎம் என்று மாற்றியவுடன் வந்துவிட்டது. தீமுக்குத் தமிழ் செய்து பொதுவில் போடுகிற அண்ணைமார் தயவுசெய்து நாட்டுப் பெயர் இல்லாமல் போடுங்கோ, இரண்டு கரைக்கும் உதவும்.


கட்டுமரம்:

அந்த ழை வெட்டுப்படுவதற்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

தீம் வரைந்தவர் ஆங்கிலத்தை வைத்து அளந்திருக்கிறார். பட்டனுக்கு உயரம் இருபது பிக்சல், கிளிப்: ட்ரூ (எல்லை தாண்டினால் வெட்டு), அவருடைய எழுத்து உள்ளே அழகாக அடங்கும். நம் எழுத்துக்கு மேலே கி, கீ என்று சுழி ஏறும், கீழே ழு, ஞூ என்று வால் இறங்கும். அதே இருபது பிக்சலில் போட்டால் மேலும் கீழும் கத்தரி விழும். எழுத்தைச் சிறிதாக்கிச் சமாளிக்காதீர்கள், படிப்பகத்துக்கு வரும் பெரியவர்களுக்குக் கண் வேண்டாமா? ஹைட் என்று எண் கொடுத்திருக்கும் வரியைத் தூக்கிவிட்டு, இம்ப்ளிசிட்ஹைட் என்பதோடு மேலும் கீழும் நான்கைந்து பிக்சல் சேர்த்து எழுதுங்கள், எழுத்துக்கு எவ்வளவு உயரம் தேவையோ அதற்கேற்பப் பட்டன் விரியும். அகலத்துக்கும் இதே வைத்தியம். 'லாகின்' என்ற சொல்லுக்கு வெட்டிய சட்டைக்குள் 'உள்நுழை' நுழையாது, மூன்று புள்ளி வைத்து முடிந்துவிடும்.

ஃபான்ட்.லெட்டர்ஸ்பேசிங் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மாதிரிப் படம் போட்ட தீம்களில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது ஒரு ஸ்டைல். ஆங்கிலத்தில் பெரிய ஹோட்டல் பெயர்ப்பலகைபோல இருக்கும், தமிழில் ஒன்றாம் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டுவதுபோல இருக்கும். பூஜ்யமாக்கிவிடுங்கள்.

தேதி ஆங்கிலத்தில் நிற்பது, தீம் க்யூடி 6-இல் ஓடுவதால் இருக்கலாம் (மெட்டாடேட்டாவில் க்யூடிவெர்ஷன்=6 என்ற வரி இருக்கும்). க்யூடி 5 காலத்தில் தேதிக்கு வடிவம் மட்டும் கொடுத்தால் கிழமை, மாதப் பெயர்கள் கணினியின் மொழியிலேயே வந்துகொண்டிருந்தன. 6-இல் அதை மாற்றிவிட்டார்கள், மொழியைச் சொல்லிக் கேட்காவிட்டால் ஆங்கிலம்தான் வரும். க்யூடி.ஃபார்மேட்டேட் என்று இருப்பதை எடுத்துவிட்டு, தேதியின் மேல் டுலோகேல்டேட்ஸ்ட்ரிங்-ஐக் கூப்பிட்டு, முதல் அடைப்பில் க்யூடி.லோகேல்("டிஏ_ஐஎன்"), அடுத்து பழைய வடிவச் சரத்தைக் கொடுங்கள். 'செவ்வாய், 14 அக்டோபர்' என்று வரும். மாதத்தை முன்னால் வைக்கும் அமெரிக்க வரிசை அந்தச் சரத்தில் இருந்தால் அதையும் திருப்பிவிடுங்கள், 'அக்டோபர் 14, செவ்வாய்' என்று எங்கள் வீட்டுக் காலண்டரில் நான் பார்த்ததில்லை.

எழுத்துருப் பெயர், பின்னணிப் படம் போன்றவற்றைத் தீம்.கான்ஃப் கோப்பில் மாற்றாதீர்கள். பக்கத்திலேயே தீம்.கான்ஃப்.யூசர் என்று ஒன்றை உருவாக்கி அதில் எழுதினால் அது மேலோங்கும். எழுத்துருப் பெயரைக் கட்டாயம் எழுதிவிடுங்கள். சும்மா விட்டால் ஃபான்ட்கான்ஃபிக் எதையாவது பிடித்துவரும், என் கணினியில் ஒருமுறை ஃப்ரீசெரிஃப் என்ற எழுத்துருவைப் பிடித்துவந்து, கல்யாணப் பத்திரிகைபோல மெல்லிய எழுத்தில் 'கடவுச்சொல்' என்று காட்டியது.


படிப்பகத்தான்:

மூன்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்துவிட்டேன். டிஏ.க்யூஎம் ஏறியது, ழை முழுசாக நிற்கிறது, கிழமை தமிழில் வருகிறது. வடமராட்சி அண்ணன் சொன்னபடி நாட்டுப் பெயர் இல்லாமல்தான் வைத்திருக்கிறேன், தீம் செய்தவருக்கும் அனுப்பிவிட்டேன், சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு சில்லறைக் கேள்விகள். 'செஷன்' என்பதற்கு எல்லோரும் போடுவதுபோல 'அமர்வு' என்று போட்டேன். செய்தித்தாள் படிக்க வரும் ஒரு பெரியவர் அதைக் காட்டி, "உட்காரச் சொல்கிறதா? உட்கார்ந்துதானே இருக்கிறேன்" என்கிறார். வேறு சொல் இருக்கிறதா?

இரண்டாவது, மொழியைத் தமிழுக்கு மாற்றிய கையோடு கீபோர்டிலும் தமிழ்99-ஐச் சேர்த்தேன். ஒரு கணினியில் மட்டும் சரியான கடவுச்சொல்லை அடித்தாலும் தவறு என்கிறது.


டெர்மினல்_தாத்தா:

அந்தக் கணினியில் தமிழ்99 முதல் இடத்தில் இருக்கும். விரல் ஆங்கிலத்தில் அடிக்கிறது, உள்ளே தமிழ் எழுத்து விழுகிறது, வெளியே தெரிவதெல்லாம் கறுப்புப் புள்ளி. ஈடிசி/டிஃபால்ட்/கீபோர்டு கோப்பைத் திறந்து எக்ஸ்கேபிலேஅவுட் வரியில் யுஎஸ் முதலிலும் ஐஎன் அடுத்தும் இருக்கும்படி மாற்றுங்கள், அடுத்த வரியில் இருக்கும் வேரியன்ட்களையும் அதே வரிசையில் இடம் மாற்ற மறக்காதீர்கள், அங்கேயும் ஒரு காற்புள்ளி இருக்கும்.

அமர்வுக்கு மாற்றுச் சொல் தேடாதீர்கள். படிப்பகத்தில் பிளாஸ்மா ஒன்றுதானே இருக்கிறது, தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? அந்தப் பெட்டிக்கு விசிபிள்: ஃபால்ஸ் கொடுத்து மறைத்துவிடுங்கள்.


பாதி_உறக்கம்:

'அமர்வு' மேல் எனக்கும் பழைய கோபம் உண்டு. மாநாட்டில் காலை அமர்வு, மாலை அமர்வு என்றால் புரியும், கணினியில் யாருக்கும் புரிவதில்லை. காட்டியே ஆக வேண்டிய இடத்தில் நான் 'திரை வகை' என்று போடுகிறேன். சரியான மொழிபெயர்ப்பு இல்லைதான், ஆனால் கேட்டவர்கள் யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. 'சஸ்பெண்ட்' பட்டனையும் கவனியுங்கள், ஒரு தீமில் 'இடைநீக்கம் செய்' என்று இருந்தது. அரசு ஊழியர் ஒருவர் அதைத் தொடவே மறுத்தார். 'தூங்கவை' என்று மாற்றினேன்.


படிப்பகத்தான்:

கீபோர்டு சரியாகிவிட்டது, வேரியன்ட் வரியைத்தான் மறந்திருந்தேன். அமர்வை மறைத்தாகிவிட்டது, தூங்கவை வந்தாகிவிட்டது. அந்தப் பெரியவர் இன்று காலை யாரையும் கூப்பிடாமல் தானே கடவுச்சொல்லை அடித்து உள்ளே போனார். போய்விட்டுத் திரும்பி வந்து, "எழுத்தெல்லாம் சரி, ஆனால் அந்தக் கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்னால் ஓடுகிறது" என்றார். மதர்போர்டு பேட்டரி ஆறு வாங்கப் போகிறேன்.